5. பழைய பாஸ் ஆம்ப்: அடையாளம் காண்பதும் வாங்குவதும்

விற்பவர் சொல்லும் கதையை முதலில் ஓரமாக வையுங்கள். "1965 மாடல், சிங்கிள் ஓனர், இதுவரை யாரும் திறந்ததே இல்லை" என்று அவர் சொல்வது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தனக்கு விற்றவர் சொன்னதை நம்பி அப்படியே ஒப்பிக்கிறவராகவும் இருக்கலாம். ஐம்பது, அறுபது ஆண்டுகளில் ஓர் ஆம்ப் பல கை மாறுகிறது. ஒரு கையில் ஸ்பீக்கர் கிழிந்து வேறொன்று ஏறியிருக்கும். இன்னொரு கையில் முன்துணி மாறியிருக்கும். வேறொருவர் தலையை, அதாவது தனியாக வரும் ஆம்ப் பகுதியை, மட்டும் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டியை விற்றிருப்பார். ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர், வால்யூம் கன்ட்ரோல் எல்லாமே தாம் எந்த ஆண்டு, எந்த வாரம் செய்யப்பட்டவை என்பதை உடம்பிலேயே சுமந்துகொண்டிருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தால் கதை கேட்கும் வேலை மிச்சம்.

படிக்கும் முறைக்குப் போகுமுன், எதைத் தேடுகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். "பழைய டியூப் பாஸ் ஆம்ப்" என்று பொதுவாகத் தேடுகிறவர் பெரும்பாலும் தமக்கு உதவாத ஒன்றை அதிக விலைக்கு வாங்கிக்கொண்டு வருவார். அப்படி வாங்கப்படும் பொருட்களில் முதலிடம் ட்வீட் துணி போர்த்திய ஃபெண்டர் பாஸ்மேனுக்கு.

லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பாஸ் கிட்டாரை வெளியிட்டார். அதை வாசிக்க ஏற்ற ஆம்ப் வேண்டும் என்று 1952இல் பாஸ்மேன் வந்தது. தொடக்கத்தில் அதில் ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். 1950களின் நடுவில் அதை விட்டுவிட்டு நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் வைத்தார்கள். 1958 முதல் 1960 வரை வந்த 5எஃப்6-ஏ என்ற சர்க்யூட்தான் இன்று எல்லோரும் தேடுவது. தேடுவது யார் என்று பாருங்கள்: பாஸ் வாசிப்பவர்கள் இல்லை, கிட்டார் வாசிப்பவர்கள். பின்பக்கம் திறந்த பெட்டியில் பாஸின் அடிநாதம் கட்டுக்கடங்காமல் குழறிப்போகிறது. அதே பெட்டியில் சாதாரண கிட்டாரை வைத்து முறுக்கினால் பாடுகிறது. லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962இல் உருவான முதல் மார்ஷல் ஆம்ப், இந்த 5எஃப்6-ஏ சர்க்யூட்டை அப்படியே பின்பற்றியதுதான். ஆக, ட்வீட் பாஸ்மேனின் இன்றைய விலை கிட்டார்காரர்கள் ஏற்றிவிட்ட விலை. பாஸ் வாசிக்க ஆம்ப் தேடும் நீங்கள் அதற்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை.

ரெக்கார்டிங்குக்கும் சின்ன அரங்குக்கும் என்றால் ஆம்பெக் பி-15 போர்ட்டாஃபிளெக்ஸைத் தேடுங்கள். ஆம்பெக்கை நடத்திய எவரெட் ஹல் தாமே டபுள் பாஸ் வாசித்தவர். ராக் இசை அவருக்கு ஆகாது, ஆம்ப் கரகரப்பது அதைவிட ஆகாது. அந்தப் பிடிவாதம் பி-15இன் சுத்தமான, உருண்டையான ஒலியில் தெரியும். ஜெஸ் ஆலிவர் வடிவமைத்து 1960இல் வந்த இதில் ஒரு 15 அங்குல ஸ்பீக்கர் பின்பக்கம் மூடிய பெட்டிக்குள் இருக்கும். ஆம்ப் பெட்டியின் மூடியோடு சேர்ந்தது. வாசிக்கும்போது டியூப்கள் மேலே தெரிய நிற்கும். முடிந்ததும் மூடியைத் திருப்பிப் போட்டால் டியூப்கள் பெட்டிக்குள் தலைகீழாகப் போய்ப் பத்திரமாகிவிடும். பக்கக் கொக்கிகளை மாட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். முந்தைய மாடல்கள் 25 வாட். 1960களின் நடுவில் வந்த பி-15என்எஃப் 30 வாட். பலமாக அடிக்கும் டிரம்மர் பக்கத்தில் இருந்தால் இந்த வாட் போதவே போதாது, அதையும் தெரிந்தே வாங்குங்கள்.

பி-15 விற்பவர்கள் எல்லோரும் டெட்ராய்ட்டின் மோடவுன் ஸ்டுடியோவையும் அங்கே பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனையும் இழுப்பார்கள். ஜேமர்சன் பி-15 வைத்திருந்தது உண்மை. ஆனால் மோடவுன் பதிவுகளில் அவருடைய பாஸ் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேரே மிக்ஸருக்குப் போனது. அந்தப் பெயருக்கென்று தனியாக ஒரு தொகை கொடுக்காதீர்கள்.

பெரிய மேடைக்கு ஆம்பெக் எஸ்விடி. 1969இல் வந்தது. 300 வாட், 14 டியூப். அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில்தான் இது மேடை ஏறியது. எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட அதன் பெட்டி உள்ளே நான்கு அறைகளாகத் தடுக்கப்பட்டு, அறைக்கு இரண்டு ஸ்பீக்கராக மூடப்பட்டிருக்கும். தலை மட்டுமே 35 கிலோவுக்கு மேல். மாடிப்படி ஏற வேண்டிய வீடாக இருந்தால் வாங்குமுன் தூக்கிப் பார்த்துவிடுங்கள். முதல் சில ஆண்டு எஸ்விடிகளில் 6146பி என்ற டியூப் இருந்தது. அது ரேடியோ டிரான்ஸ்மிட்டருக்காகச் செய்யப்பட்ட சாதி. பிறகு 6550க்கு மாறினார்கள். பழைய 6146பி தலைகள் பலவற்றையும் பின்னாளில் 6550க்கு மாற்றி வயரிங் செய்திருக்கிறார்கள். சேகரிப்பவர் இதைக் குறையாகச் சொல்வார். வாசிப்பவருக்கு இது நிம்மதி, ஏனென்றால் 6550 இன்றும் புதிதாகக் கிடைக்கிறது.

கை கடிக்காத விலையில் தேடுகிறவர்களுக்கு 1970களின் ஆம்பெக் வி-4பி, வெள்ளி முகப்புள்ள ஃபெண்டர் பாஸ்மேன் 100 இரண்டும் நல்ல வழி. இரண்டும் 100 வாட் வகை. சேகரிப்பவர்கள் அவ்வளவாகத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதே நமக்கு லாபம். வி-4பியில் வரும் 7027ஏ டியூபுக்கு மட்டும் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

அக்கூஸ்டிக் 360 பற்றி ஓர் எச்சரிக்கை. பாஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்தது என்று இதற்குப் பெரிய பெயர். இது டியூப் இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப், 200 வாட். ஆனால் '360' என்று எழுதியிருக்கும் தலை வெறும் ப்ரீஆம்ப். பவர் ஆம்ப் முழுவதும் 361 என்ற 18 அங்குல ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கிறது. தலையை மட்டும் மலிவாக விற்கிறார்கள் என்று பாய்ந்து வாங்கினால், வேறு எந்த ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டினாலும் சத்தம் வராது.

இனி வயதைப் படிப்பது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனத்தை ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. 'சிபிஎஸ்ஸுக்கு முந்தையது' என்ற ஒரு சொல்லுக்கே சந்தை விலை ஏற்றுகிறது. அதனால் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் உங்கள் ஆம்ப் நிற்கிறது என்பது பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. கறுப்பு முகப்புள்ள பாஸ்மேனில் முன்தகட்டின் சின்ன எழுத்துகளைப் பாருங்கள். 'ஃபெண்டர் எலெக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி' என்ற பொருளில் சுருக்கி அச்சிட்டிருந்தால் அது பழைய நிர்வாகத்தின் தகடு. 'ஃபெண்டர் மியூசிகல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' என்றால் சிபிஎஸ் காலம். கைமாறிய உடனே தகடு மாறிவிடவில்லை. பழைய கையிருப்பு தீரும்வரை 1965இலும் பழைய தகடுகள் போயிருக்கின்றன. தகட்டை மட்டும் பார்த்து ஆண்டு சொல்கிறவரை நம்பாதீர்கள்.

பெட்டியின் உள்பக்கச் சுவரில் எந்தச் சாக்கெட்டில் எந்த டியூப் என்று காட்டும் காகிதம் ஒட்டியிருக்கும். 1950களின் தொடக்கம் முதல் 1960களின் பின்பகுதி வரை, ஃபெண்டர் அந்தக் காகிதத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகளை மையில் முத்திரை குத்தியது. முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். ஏ என்றால் 1951, பி என்றால் 1952 என்று வரிசையாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். 'எச் இ' என்றால் 1958 மே. 'ஓ சி' என்றால் 1965 மார்ச். இந்தக் காகிதத்தின் நகல்கள் அச்சிட்டு விற்கப்படுகின்றன. அறுபது ஆண்டு வெப்பம் பட்ட காகிதம் டியூப் இருக்கும் பக்கம் பழுப்பேறி, ஓரம் பொரிந்திருக்கும். வெள்ளை வெளேரென்று இருந்தால் காரணம் கேளுங்கள்.

காகிதத்தைவிட நம்பத்தக்கது இரும்பில் அடித்த எண். அமெரிக்க மின்பாகத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் உண்டு. அதற்குப் பின் ஆண்டு, அதற்குப் பின் வாரம். ஸ்பீக்கரில் 220 என்று தொடங்கினால் ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபர்ட், 137 சிடிஎஸ், 67 எமினென்ஸ். டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்றால் ஷூமாக்கர். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் 304 இருந்தால் ஸ்டாக்போல், 137 இருந்தால் அங்கும் சிடிஎஸ்தான். '137 6519' என்பது சிடிஎஸ், 1965ஆம் ஆண்டின் 19ஆம் வாரம். ஆண்டுக்கு ஒரே இலக்கம் போட்டவையும் உண்டு. '220 831' என்றால் ஜென்சன், எட்டில் முடியும் ஆண்டின் 31ஆம் வாரம். அது 1948ஆ, 1958ஆ, 1968ஆ என்பதை மாடலைப் பார்த்து நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். கடைசி இரண்டு இலக்கம் 53ஐத் தாண்டினால் எண்ணைத் தவறாகப் பிரித்திருக்கிறீர்கள், அல்லது அது தேதியே இல்லை.

இந்தத் தேதிகள் பாகம் பிறந்த நாள், ஆம்ப் பிறந்த நாள் அல்ல. வாங்கிய பாகம் தொழிற்சாலை அலமாரியில் சில மாதம், சில சமயம் அதற்கும் மேல் கிடக்கும். எனவே இருப்பதிலேயே இளைய அசல் பாகத்தின் தேதிக்குப் பிறகுதான் ஆம்ப் பூட்டப்பட்டிருக்க முடியும். இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் 1964ஐக் காட்டி, ஒரு வால்யூம் கன்ட்ரோல் மட்டும் 1971ஐக் காட்டினால் அந்த ஒன்று பின்னால் மாற்றப்பட்டது. எல்லாமே ஒரு சில மாத இடைவெளியில் வரிசையாக நின்று, காகித முத்திரையும் அவற்றுக்குச் சற்றுப் பின்னால் வந்தால், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஈயப்பற்றையும் பாருங்கள். தொழிற்சாலையில் வைத்தது மங்கிப்போய் எல்லா இடத்திலும் ஒரே கைப்பாங்காக இருக்கும். புதிதாக வைத்தது பளபளக்கும்.

ஒரு மோசடி அடிக்கடி நடக்கிறது. ஃபெண்டர் 1990 முதல் '59 பாஸ்மேன் என்று பழைய வடிவத்திலேயே புதிய ஆம்ப் விற்றது. அதன் ட்வீட்டை அழுக்காக்கி, மூலையைத் தேய்த்து, பழையது என்று தள்ளிவிடுகிறார்கள். உள்ளே பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும்: புதியதில் அச்சிட்ட சர்க்யூட் போர்டு. அசலில் மெழுகு பூசிய கறுப்பு அட்டையில் கையால் இழுத்துக் கட்டிய வயர்கள். உள்பக்கப் படம் அனுப்ப மறுக்கும் விற்பனையாளரிடம் அதற்குமேல் பேச்சு வேண்டாம்.

எது அசலாக இருக்க வேண்டும், எது மாறியிருக்க வேண்டும் என்பதில்தான் புதிதாக வாங்குகிறவர்கள் தலைகீழாக நினைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர்கள் அசலாக இருக்க வேண்டும். ஆம்பின் குரலில் பாதி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில்தான். அது மாறியிருந்தால் விலையை நன்றாகக் குறையுங்கள். ஸ்பீக்கர் அசலாக இருந்தால் நல்லது. ஆனால் அந்தக் காலத்து ஸ்பீக்கர்கள் பாஸின் அடியைத் தாங்காமல் கிழிந்துபோவது சகஜம், காகிதக் கூம்பு மாற்றியிருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். பவர் சப்ளையின் பெரிய எலெக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்கள் மட்டும் அசலாக இருக்கக் கூடாது. அவை காலப்போக்கில் உள்ளே காய்ந்துபோகும். "ஒரிஜினல் கண்டன்சர்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், நீங்கள் செய்யப்போகும் செலவு ஒன்றை அவர் இன்னும் செய்யவில்லை என்று பொருள். அந்தத் தொகையைக் கழித்துப் பேசுங்கள்.

இரண்டு பின் பிளக்கும் அப்படித்தான், இன்னும் தீவிரமாக. 1960களின் அமெரிக்க ஆம்ப் பலவற்றில் எர்த் வயரே கிடையாது. பதிலுக்கு மெயின் லைனிலிருந்து சேசிஸுக்கு, அதாவது ஆம்பின் உலோகச் சட்டத்துக்கு, ஒரு சின்னக் கண்டன்சர் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் சேசிஸில் மெயின் கரண்ட் நிற்கும், அங்கிருந்து கிட்டார் தந்திக்கு வரும். வாசிப்பவரின் உதடு எர்த் ஆன மைக்கைத் தொட்டால் முடிந்தது. மேடையில் எர்த் கோளாறு எவ்வளவு கொடியது என்பதற்கு ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வியின் மரணம் சான்று. 1972இல் வேல்ஸின் ஸ்வான்சீயில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். மூன்று பின் வயர் போட்டு, சேசிஸை எர்த் செய்து, அந்தக் கண்டன்சரை வெட்டி எடுத்த ஆம்பே வாசிக்கத் தகுந்தது. இதைச் செய்ததால் மதிப்பு குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவர் வாசிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது உங்கள் பாஸையும் டார்ச்சையும் கொண்டு போங்கள். சேசிஸை நீங்களே திறந்து விரல் விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். எஸ்விடியில் 700 வோல்ட் வரை போகும். பல ஆண்டு ஓடாமல் கிடந்த ஆம்பை நேரே பிளக்கில் செருகவும் கூடாது. நம் ஊர் டிவி, ரேடியோ மெக்கானிக் கடையில் இருக்கும் சீரிஸ் பல்பு போர்டு இதற்கு அருமையான கருவி. ஆம்பை 100 வாட் குண்டு பல்போடு தொடராக மாட்டினால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆம்ப் பிழைத்துக்கொள்ளும். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் மேலே போகலாம்.

ஓடத் தொடங்கியதும் பவர் டியூப்களைப் பாருங்கள். உள்ளே ஆரஞ்சு நிற இழை எரிவது இயல்பு. வெளித்தகடே செக்கச் சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் டியூப் ஆம்பை ஒரு கணமும் ஓட்டக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். விற்பவர் "சும்மா லைட் எரியுதுன்னு காட்டறேன்" என்று ஸ்பீக்கர் இல்லாமல் போட்டால் தடுத்துவிடுங்கள். பிறகு திறந்த இ தந்தியை, அதாவது 41 ஹெர்ட்ஸை, வாசிக்கும் அளவுக்குச் சத்தம் வைத்து நீள ஒலிக்க விடுங்கள். பெட்டிப் பலகை தளர்ந்திருந்தால் இங்கே நடுங்கும். ஸ்பீக்கர் காயில் உரசினால் இங்கே பிசிறும். அணைத்த பின் கூம்பை இரு கைவிரலாலும் சமமாக மெல்ல அழுத்திப் பார்த்தால் உரசல் விரலுக்கே தெரியும். வாசிக்காதபோதும் தொடரும் தடித்த இரைச்சல் காய்ந்த கண்டன்சரின் குரல். கன்ட்ரோலைத் திருகும்போது வரும் கரகரப்பு ஸ்ப்ரே அடித்தால் போய்விடும், அதற்காக வாங்காமல் வராதீர்கள். எரிந்த வார்னிஷ் வாடை வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மர். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மின்சாரம் பற்றி ஒன்று. அமெரிக்காவுக்கென்று செய்த பழைய ஆம்ப்களின் பின்தகட்டில் 117 வோல்ட் என்றிருக்கும். டொராண்டோவில் வாழ்கிறவர் அப்படியே மாட்டலாம். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் 230 வோல்ட், நேரே செருகினால் புகைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பி-15க்கு 300 வி.ஏ. போதும், எஸ்விடிக்கு 1,000 வி.ஏ.க்குக் குறையாமல் வாங்குங்கள். மலிவான ஸ்டெப்-டவுன்களில் எர்த் வயர் அவுட்புட் சாக்கெட் வரை போவதில்லை. மல்டிமீட்டர் வைத்துச் சோதித்துவிட்டே ஆம்பை மாட்டுங்கள். ஸ்டெப்-டவுன் வோல்ட்டைத்தான் குறைக்கும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சுடும். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓட்டி, கை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக்காகச் செய்த ஆம்ப் என்றால் பின்னால் வோல்ட் மாற்றும் வசதி இருக்கும். நம் ஊருக்கு வாங்குகிறவர் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

பணம் கொடுத்த பிறகு, ஏற்றி அனுப்புமுன், டியூப்கள் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் எந்தச் சாக்கெட் என்று டேப் ஒட்டி எழுதி, தனித்தனியாகச் சுற்றித் தனிப் பெட்டியில் அனுப்ப வேண்டும். தலையும் ஸ்பீக்கர் பெட்டியும் வெவ்வேறு பார்சல். டிரான்ஸ்ஃபார்மர் கீழே வரும்படி தலையை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். வந்ததும் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.